தீபாவளி அவசரமும் திருடனின் பொறுமையும்

நேயர்களுக்கு வணக்கம்.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலையில் ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்தவர்களுக்குத் தெரியும், அங்கே நாம் நடப்பதில்லை, கூட்டம்தான் நம்மை நகர்த்திக்கொண்டு போகிறது. மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைமேம்பாலம் 2023 மே மாதத்தில் திறக்கப்பட்ட பிறகு, கடந்து போகிறவர்களுக்கு நெரிசல் ஓரளவு குறைந்தது. துணி எடுக்க வந்தவர்கள் தெருவில் இறங்கித்தானே ஆகவேண்டும்?

முப்பது ஆண்டுகள் வங்கிக் கிளைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பணத்தைப் பறிகொடுத்துவிட்டு என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தவர்கள் சொன்ன கதைகளில், ஆளும் இடமும் மாறினாலும் ஒன்று மட்டும் மாறவே இல்லை: பறிபோன அந்த நொடியில் அவர்கள் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள், அல்லது யாரோ பார்க்க வைத்திருந்தார்கள்.

எங்கள் வீட்டிலும் அது நடந்தது. சில ஆண்டுகளுக்கு முன் உஸ்மான் சாலையில் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த என் மனைவியிடம், "அம்மா, உங்க பணம் கீழே கிடக்குது பாருங்க" என்று ஒருவர் மிகுந்த அக்கறையோடு சொன்னார். கீழே மூன்று பத்து ரூபாய்த் தாள்கள் உண்மையாகவே கிடந்தன. அவள் குனிந்து எடுத்து நிமிர்வதற்குள் இருக்கையில் இருந்த பையைக் காணோம். பையில் பணம் அதிகம் இல்லை. மகளுக்கு எடுத்த பாவாடைத் துணியும் வீட்டுச் சாவியும்தான் இருந்தன. துணி போனதைவிடச் சாவி போனதுதான் எங்களை உலுக்கியது, அன்று இரவே பூட்டை மாற்றினோம். அதிலிருந்து கடைத்தெருவுக்குப் போகும்போது சாவி ஒருவரிடமும் பணம் இன்னொருவரிடமும் இருப்பது எங்கள் வீட்டு வழக்கம். குழந்தையை அழைத்துப் போகிறவர்கள், பெற்றோரின் கைப்பேசி எண்ணை ஒரு சீட்டில் எழுதி அதன் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். பயந்துபோன குழந்தைக்குத் தன் பெயரே சட்டென்று வாயில் வராது.

இதே தந்திரம் இப்போது கைப்பேசிக்கும் குடிபெயர்ந்துவிட்டது. தீபாவளிக் காலத்தில் அதற்கு வாகான சரக்கு பட்டாசு. இணையவழியில் பட்டாசு விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை விதித்தது. அப்படியிருந்தும், சிவகாசிக் கடை என்ற பெயரில் ஒரு விலைப்பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்தால் நம்மில் பலர் அதை நம்பிவிடுகிறோம். 80 சதவீதத் தள்ளுபடி என்று பார்த்ததும் சந்தேகம் வரவேண்டாமா என்று கேட்பீர்கள். சிவகாசியில் உள்ள உண்மையான கடைகளின் பட்டியலிலும் அப்படித்தான் அச்சிட்டிருக்கும் என்பதால், தள்ளுபடியை வைத்து நல்லவரையும் மோசக்காரரையும் பிரித்தறிய முடியாது.

எங்கள் அடுக்ககத்தில் ஒருவர் அப்படி 3,000 ரூபாய் அனுப்பினார். மறுநாள், பெட்டி லாரி ஆபீசுக்கு வந்துவிட்டது, வாடகை 900 ரூபாய் கட்டினால் எடுத்துக்கொள்ளலாம் என்று அழைப்பு வந்தது, அதையும் கட்டினார். அதற்கடுத்து வரி என்று 2,100. பணம் அனுப்புமுன் திரையில் தெரிந்தது கடையின் பெயர் அல்ல, யாரோ ஒரு தனி மனிதரின் பெயர். அதை அவர் பார்த்தும் இருக்கிறார், ஆனால் பேரப்பிள்ளைகள் பட்டாசு எங்கே என்று நச்சரித்துக்கொண்டிருந்த நேரத்தில் அது மனதில் பதியவில்லை.

பணத்தைத் திருப்பித் தருகிறோம், இந்தக் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து உங்கள் ரகசிய 'பின்' (PIN) எண்ணைப் போடுங்கள் என்று எவராவது சொன்னால், அந்த இடத்திலேயே அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். யுபிஐயில் பின் எண் என்பது பணம் நம் கணக்கிலிருந்து வெளியே போவதற்கோ இருப்பைப் பார்ப்பதற்கோ உரியது. பணம் வருவதற்கு அது தேவையே இல்லை. அதேபோல, பொருள் சரியில்லை என்றால் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுபொறியில் தேடாமல், வாங்கிய செயலிக்குள்ளேயே தேடுங்கள்; தேடுபொறியில் போலி எண்களைப் போட்டுவிட்டு நம் அழைப்புக்காகக் காத்திருப்பவர்கள் உண்டு.

ஏமாந்துவிட்டால், அவமானம் பார்த்து ஒரு நாளைக்கூட வீணாக்கக் கூடாது. இணையவழிப் பண மோசடிப் புகார்களுக்கான 1930 என்ற உதவி எண்ணை உடனே அழைத்து, பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைச் சொல்ல வேண்டும். நம் பணம் ஒரு கணக்கில் தங்குவதில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி, கடைசியில் ஏதோ ஓர் ஏடிஎம்மில் எடுத்துவிடுவார்கள். எடுப்பதற்குமுன் தகவல் போய்ச் சேர்ந்தால், எந்தக் கணக்கில் மிச்சம் இருக்கிறதோ அங்கேயே நிறுத்திவைக்க வங்கிகளால் முடியும். நம் வங்கிக்கும் அப்போதே எழுத்தில் தெரிவியுங்கள். வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போன பணம் என்றாலும், புகார் கொடுத்த பிறகு நேரும் இழப்பு வங்கியையே சேரும் என்பது ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையின் விதி.

எங்கள் அடுக்ககத்துக்காரர் மூன்றாவது தொகையை அனுப்பிய அன்று இரவே 1930-ஐ அழைத்ததால், அந்த 2,100 ரூபாய் மட்டும் இடையில் ஒரு கணக்கில் நின்றது. மறுநாள் காலை அவருக்கு மீண்டும் அதே குரலில் அழைப்பு வந்தது: "சார், பெட்டி இன்னும் லாரி ஆபீஸ்லதான் இருக்கு, இன்னைக்கு எடுக்கலைன்னா திரும்பிப் போயிடும்."