ரெக்கார்டிங் பாதியில கிராஷ் ஆயிடுச்சா? முதல்ல எதையும் அழிக்காதீங்க | தங்கச்சிமடத்துல இருந்து

வணக்கம் மக்களே, எல்லாரும் எப்படி இருக்கீங்க. காத்து சத்தம் கேக்குதுல்ல, கச்சான் காத்து, இந்த சீசன்ல எங்க தங்கச்சிமடத்துல இப்படித்தான், வீட்டுக்குள்ள உக்காந்திருந்தாலும் ஜன்னல் தடதடன்னு அடிக்கும், மைக்குக்கு ஸ்பாஞ்ச் போட்டிருக்கேன், அதையும் மீறி கேட்டா கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

வழக்கமா நான் பாம்பன் பாலம், பாசி எடுக்கப் போற அக்காமாரு, மீன் ஏலம்னு போடுவேன், இன்னைக்கு முழுக்க லேப்டாப் பத்தித்தான். ஆடியோ ரெக்கார்ட் பண்ணிக்கிட்டு இருக்கும்போதே சாஃப்ட்வேர் டப்புன்னு மூடிக்கிட்டா என்ன பண்ணணும், அதுவும் எத முதல்ல பண்ணணும். இது தெரியாம நான் ஒண்ண இழந்துட்டேன், அது இனிமே திரும்பக் கிடைக்காது, அதனாலதான் இந்த வீடியோ.

என் அப்பத்தாவுக்கு 1964 புயல் நல்லா ஞாபகம் இருக்கு. டிசம்பர் 22 ராத்திரி, தனுஷ்கோடிய கடல் எடுத்துட்டுப் போன அந்த ராத்திரி. அப்ப அதுக்கு எட்டு ஒம்பது வயசு. வீட்டுல எல்லாருக்கும் துண்டு துண்டா தெரியும், ஆனா உக்கார வச்சு முழுசா யாரும் கேட்டதில்ல. நான் மைக்க வச்சு கேட்டேன். அடுப்படித் திண்ணையில உக்காந்து, கையில புளி எடுத்துக்கிட்டே, ஒவ்வொரு கொட்டையா சுளவுல போட்டுக்கிட்டே சொல்லுச்சு. அந்தக் கொட்டை விழுகுற டிக் டிக் சத்தம் கூட ரெக்கார்ட் ஆயிட்டு இருந்துச்சு. அவங்க அய்யா இதுகள எல்லாம் ஒரே கயித்துல சேர்த்து இடுப்புல கட்டி கூட்டிட்டுப் போனாராம், யாராவது விழுந்தா கயிறு இழுக்கும்ல, அதுக்கு. அத சொல்லும்போது புளி எடுக்குறத நிப்பாட்டிருச்சு. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், 'அந்தக் கயிறு அறுத்த தழும்பு இன்னும் இருக்குத்தா'ன்னு சொல்லிட்டு சேலைய லேசா விலக்கிக் காட்டுச்சு.

நாப்பது நிமிஷம் தாண்டியிருக்கும். ஸ்கிரீன பாக்குறேன், ஒண்ணுமே இல்ல, வெறும் டெஸ்க்டாப்.

பதட்டத்துல திரும்ப ஓப்பன் பண்ணேன், ஏதோ ஒரு பெட்டி வந்துச்சு, மூணு பட்டன், படிக்கவே இல்ல, அடுத்த ரெக்கார்டிங்க சீக்கிரம் ஆரம்பிக்கணும்னு ஒண்ண அமுக்கிட்டேன். அது டிஸ்கார்ட். போச்சு. ஒரு வாரம் கழிச்சு அப்பத்தாவ திரும்ப சொல்லச் சொன்னேன், சொல்லுச்சு, ஆனா பதினஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுருச்சு. கயிறு வரல. நானா கேட்டதுக்கு, 'ஆமா, அதான் அன்னைக்கே சொன்னேன்ல'ன்னு விட்டுருச்சு. ஒரு மனுஷி முதல் தடவை மனசு திறந்து சொல்றத ரெண்டாவது தடவை வாங்க முடியாது மக்களே. அதனால எனக்கு ரெக்கார்டிங் கிராஷ்ங்கறது சின்ன டெக்னிக்கல் பிரச்சினை இல்ல.

சரி, விஷயத்துக்கு வருவோம். நான் யூஸ் பண்றது ஆடாசிட்டி, ஃப்ரீ சாஃப்ட்வேர், 2000ல இருந்து இருக்கு, நிறைய பேர் இதுலதான் ஆரம்பிச்சிருப்பீங்க. 2021ல வந்த 3.0 வெர்ஷன்ல இருந்து ப்ராஜெக்ட் முழுக்க ஒரே ஃபைல், டாட் ஏயுபி3ன்னு முடியும். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஃபைலும் பக்கத்துல ஒரு ஃபோல்டர் நிறைய குட்டிக் குட்டி ஃபைலுமா இருக்கும். இந்த ஏயுபி3 உள்ளுக்குள்ள ஒரு டேட்டாபேஸ், எஸ்க்யூலைட். நீங்க ரெக்கார்ட் பண்ணப் பண்ண அது டிஸ்க்குல எழுதிக்கிட்டே இருக்கும், நீங்க சேவ் அமுக்குற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்காது. இது புரிஞ்சாலே பாதி பதட்டம் போயிரும். சாஃப்ட்வேர் மூடிக்கிச்சுன்னா குரல் போச்சுன்னு அர்த்தம் இல்ல, பெரும்பாலும் கடைசி சில நொடிதான் போயிருக்கும்.

கிராஷுக்கு அப்புறம் திரும்ப ஓப்பன் பண்ணா ஆட்டோமேட்டிக் கிராஷ் ரெக்கவரின்னு பெட்டி வரும். ரெக்கவர் செலக்டட், டிஸ்கார்ட் செலக்டட், ஸ்கிப். டிஸ்கார்ட் பக்கமே போகாதீங்க. சந்தேகமா இருந்தா ஸ்கிப் குடுங்க, அடுத்த தடவை ஓப்பன் பண்ணும்போது திரும்பக் கேக்கும், எதுவும் அழியாது. ரெக்கவர் குடுத்து குரல் வந்துச்சுன்னா எடிட்டிங் எதுவும் ஆரம்பிக்காதீங்க, உடனே சேவ் ப்ராஜெக்ட், அடுத்து வேவ் ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணி அத வேற ஒரு டிஸ்க்குல ஒரு காப்பி.

இன்னொண்ணு, இத நிறைய பேரு சொல்றதில்ல. கிராஷ் ஆன உடனே அந்த ஃபோல்டர பாத்தீங்கன்னா உங்க ஏயுபி3 ஃபைலுக்குப் பக்கத்துல அதே பேர்ல, கடைசில ஹைஃபன் போட்டு டபிள்யூஏஎல்னு ஒரு ஃபைல் இருக்கும். குப்பைன்னு நெனச்சு அழிச்சுராதீங்க! மெயின் ஃபைலுக்குள்ள இன்னும் போய்ச் சேராத ஆடியோ அதுலதான் உக்காந்திருக்கும். ஏயுபி3 மட்டும் பென் டிரைவ்ல காப்பி பண்ணிட்டு அத விட்டுட்டீங்கன்னா, கடைசியா பேசுன பகுதி வராமப் போகலாம். ரெண்டையும் சேர்த்து, பேர மாத்தாம, ஒரே ஃபோல்டர்ல காப்பி பண்ணுங்க, அப்புறம் ஓப்பன் பண்ணுங்க. ப்ராஜெக்ட சேவே பண்ணலன்னா ஃபைல் வேற எடத்துல இருக்கும், விண்டோஸ்ல உங்க யூசர் ஃபோல்டருக்குள்ள மறைஞ்சிருக்குற ஆப்டேட்டா ஃபோல்டர், அதுக்குள்ள லோக்கல், அதுல ஆடாசிட்டி, அதுல செஷன்டேட்டா. அங்க ஏயுபி3அன்சேவ்டுன்னு முடியிற ஃபைல் இருந்தா கும்பிட்டுட்டு ஒரு காப்பி எடுத்து வச்சுக்கோங்க.

குரல் பத்திரமாயிருச்சு, இப்பதான் ஏன் ஆச்சுன்னு தேடணும். இங்க எல்லாரும் பண்ற தப்பு, மொத்தத்தையும் ஒரே நாள்ல மாத்துறது, டிரைவர் (மைக் மாதிரி சாமான விண்டோஸோட பேச வைக்கிற குட்டி சாஃப்ட்வேர்) அப்டேட், சாஃப்ட்வேர் அன்இன்ஸ்டால், ஆன்டிவைரஸ் ஆஃப், எல்லாம் ஒரே சமயத்துல. சரியானாலும் எதுனால சரியாச்சுன்னு தெரியாது, அடுத்த மாசம் திரும்ப வரும்போது திரும்ப முதல்ல இருந்து. ஒண்ணு மாத்துங்க, அரை மணி நேரம் சும்மா ரேடியோவ முன்னாடி வச்சு ரெக்கார்ட் பண்ணிப் பாருங்க, அப்புறம் அடுத்தது.

முதல்ல என்ன ஆச்சுன்னு சரியா கவனிங்க. சாஃப்ட்வேர் மட்டும் மூடிக்கிச்சா, இல்ல மூடாம அப்படியே உறைஞ்சு நிக்குதா, இல்ல லேப்டாப்பே ஆஃப் ஆச்சா. லேப்டாப்பே ஆஃப் ஆனா சாஃப்ட்வேர்ல தேடி புண்ணியமே இல்ல, பெரும்பாலும் சூடுதான் காரணம், அது இல்லன்னா பேட்டரி. நம்ம ஊர்ல மே மாசம் ஷீட் போட்ட வீட்டுக்குள்ள, பாய் மேல லேப்டாப்ப வச்சா அடியில காத்து போற வழியே அடைச்சுக்கும், பலகை மேல வைங்க.

சாஃப்ட்வேர் மட்டும் மூடிக்கிச்சுன்னா விண்டோஸே காரணத்த எழுதி வச்சிருக்கும். ஸ்டார்ட்ல ரிலையபிலிட்டின்னு டைப் பண்ணுங்க, வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரின்னு வரும், அதுல நாள் வாரியா கட்டம் இருக்கும், கிராஷ் ஆன நாள்ல சிவப்பு இன்ட்டு மார்க். அத கிளிக் பண்ணி டெக்னிக்கல் டீட்டெயில்ஸ் போனா ஃபால்ட் மாட்யூல் நேம்னு ஒரு வரி. அந்த ஒரு வரிதான் துப்பு. எனக்கு அதுல ஒரு டிரைவர் ஃபைல் பேரு இருந்துச்சு, என் யுஎஸ்பி மைக்கோட வந்த பழைய டிரைவர். கம்பெனி பேரு வேணாம், ரொம்ப பழைய வெர்ஷன நான்தான் அப்டேட் பண்ணாம வச்சிருந்தேன். அந்த டிரைவர அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மைக்க சொருகுனேன், நிறைய யுஎஸ்பி மைக்குக்கு விண்டோஸ்ல இருக்குற பொது டிரைவரே போதும், அதுலயே எடுத்துக்கிச்சு. அதுக்கப்புறம் ரெண்டு மணி நேரம் ஓட்டிப் பாத்தேன், அசையல.

உங்களுக்கு அந்த வரியில என்டிடிஎல்எல்னு, அதாவது விண்டோஸோட சொந்த ஃபைல் பேரு வந்தா விண்டோஸ்தான் கெட்டுப் போச்சுன்னு முடிவு பண்ணிறாதீங்க, அது விழுந்த இடம், தள்ளி விட்டது வேற ஏதாவதா இருக்கலாம். இப்படி ஒரு பேரு வந்து வழி தெரியலன்னா, வெளியில இருந்து போட்ட ப்ளகின், அதாவது ஆடாசிட்டில கூடுதலா சேக்குற குட்டி சாஃப்ட்வேர் எல்லாத்தையும் ப்ளகின் மேனேஜர்ல போய் டிஸேபிள் பண்ணிட்டு, ஒவ்வொண்ணா திரும்ப ஆன் பண்ணிப் பாருங்க. சும்மா அன்இன்ஸ்டால் பண்ணி திரும்பப் போடுறதுல பழைய செட்டிங் அப்படியே தங்கிரும், இன்ஸ்டால் பண்ணும்போது ரீசெட் ப்ரெஃபரன்ஸஸ்னு ஒரு டிக் பாக்ஸ் வரும், அத டிக் பண்ணாத்தான் புதுசா ஆரம்பிக்கும். உங்க ரெக்கார்டிங்குக்கு ஒண்ணும் ஆகாது.

இப்ப நம்ம கடற்கரைக்காரங்களுக்கு மட்டும் ஒரு விஷயம். இந்தாங்க, கேமராகிட்ட காட்டுறேன், இது என் லேப்டாப்போட இடது பக்க யுஎஸ்பி. உள்ள அந்தத் தகடு ஓரத்துல பச்சையா ஏறியிருக்கு தெரியுதா? உப்புக் காத்து. நம்ம வீட்டு ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், எல்லாத்தையும் திங்கிறது இதையும் திங்குது. இப்படி ஆன போர்ட்ல மைக்க சொருகுனா எடுத்துக்கும், அப்புறம் கேபிள் லேசா அசைஞ்சாலே ஒரு நொடி விட்டுப் புடிக்கும், ரெக்கார்ட் பண்ற சாஃப்ட்வேருக்கு மைக் காணாமப் போனது மாதிரி, உடனே எரர் வரும் இல்லன்னா உறைஞ்சு நின்னுரும். ஊர்ல இருந்து மதுரைக்குப் படிக்கப் போன பிள்ளைங்களுக்கு இந்தப் பிரச்சினை வராது, லீவுக்கு வந்தா வரும். லேப்டாப்ப முழுசா ஆஃப் பண்ணி, சார்ஜர உருவிட்டு, எலக்ட்ரானிக்ஸ் கடையில ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கிடைக்கும், சின்ன பிரஷ்ல தொட்டு மெதுவா தேய்ச்சு, நல்லா காய விடுங்க. வாயால ஊதாதீங்க, எச்சில் ஈரம் உள்ள போயிரும். மைக்க பெட்டில வைக்கும்போது சிலிகா ஜெல் பொட்டலம் ரெண்டு போட்டு மூடி வைங்க, செருப்பு வாங்கும்போது வர்றத தூக்கிப் போடாம சேத்து வச்சாலே போதும்.

மிச்சத்த வேகமா சொல்லிறேன். மைக்க சொருகிட்டு அப்புறமா ஆடாசிட்டிய ஓப்பன் பண்ணுங்க, முன்னாடியே ஓப்பன்ல இருந்தா ரீஸ்கேன் ஆடியோ டிவைசஸ் குடுங்க. விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ல மைக்கோட சாம்பிள் ரேட், அதாவது ஒரு நொடிக்கு எத்தன தடவ சத்தத்த அளக்குதுங்கறது, 48000 ஹெர்ட்ஸ்ல இருந்தா ப்ராஜெக்டும் 48000ல இருக்கட்டும், அங்க ஒண்ணு இங்க 44100ன்னு வேணாம். ரெக்கார்டிங் நடுவுல ப்ளூடூத் நெக்பேண்ட் கனெக்ட் ஆகுற மாதிரி வச்சுக்காதீங்க, சவுண்டு எங்க போகுதுன்னே மாறிரும். டிஸ்க்ல எடம் பாருங்க, 48000ல வழக்கமா இருக்குற 32 பிட் ஃப்ளோட்ல மோனோவா ஒரு மணி நேரம் கிட்டத்தட்ட 690 எம்பி, ஸ்டீரியோன்னா அதுல ரெட்டிப்பு, ஒருத்தர் பேசுறதுக்கு மோனோவே தாராளம். ப்ராஜெக்ட பென் டிரைவ்லயோ ஆன்லைன்ல தானா சிங்க் ஆகுற ஃபோல்டர்லயோ வச்சு ரெக்கார்ட் பண்ணாதீங்க, எழுதிக்கிட்டு இருக்குற ஃபைல இன்னொண்ணு புடிச்சு இழுக்கக் கூடாது. பேச ஆரம்பிக்குறதுக்கு முன்னாடியே காலி ப்ராஜெக்ட ஒரு பேரு போட்டு லேப்டாப்ல சேவ் பண்ணிருங்க.

அப்புறம் போன். ஃப்ளைட் மோடு போட்டு, வாய்ஸ் ரெக்கார்டர ஓட விட்டு, பேசுறவங்க பக்கத்துல ஒரு துண்டு மேல வைங்க. ஆரம்பத்துல ஒரு தடவை கை தட்டிட்டா பின்னாடி ரெண்டையும் பொருத்திக்கலாம். அன்னைக்கு நான் இத மட்டும் செஞ்சிருந்தா கயிறு என்கிட்ட இருந்திருக்கும்.

போன வாரம் அப்பத்தாகிட்ட வேற கேட்டேன், புயல் பத்தி இல்ல, அதுக்கு முன்னாடி, தனுஷ்கோடிக்கு ரயில்ல போய் வந்தது பத்தி. நடுவுல கரண்டு போச்சு, பேட்டரியில ஓடிக்கிட்டே இருந்துச்சு, ஒரு மணி பத்து நிமிஷம் முழுசா கிடைச்சுது. இப்ப ரெண்டாவது பகுதி. அந்தா, உள்ள இருந்து கூப்பிடுது, 'ஏன்த்தா, வரவா, காத்து அடங்கட்டுமா'ன்னு கேக்குது. அடுப்படிப் பக்கம் காத்து கம்மி, சுளவும் புளியும் எடுத்து வச்சிருக்கேன். போயிட்டு வர்றேன் மக்களே.