குரல் முன்பே இருந்தது

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

‘தொடக்க கால ராக் அண்ட் ரோலை உருவாக்கியவர்கள் முன்னால் நின்று பாடியவர்களா, பின்னால் இருந்து வாசித்தவர்களா?’ என்பது இன்றைய தலைப்பு. வாசித்தவர்களே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் எல்விஸ் பிரெஸ்லியின் இடுப்பசைவையும் லிட்டில் ரிச்சர்டின் அலறலையும் எடுத்துச் சொல்லிக் கைத்தட்டல் வாங்கினார். பெண்கள் கூச்சலிட்டது பாடகரைப் பார்த்துத்தானே, டிரம்ஸ் வாசித்தவரைப் பார்த்தா என்றும் கேட்டார். கூச்சல் யாருக்கு என்பதில் நமக்கு வழக்கே இல்லை, நடுவர் அவர்களே. நான் கேட்பது வேறு. இந்தப் பாடகர்கள் புகழ் பெறுவதற்கு முன்பே இதே குரலில் இசைத்தட்டுப் பதித்திருக்கிறார்களே, அப்போது ஏன் ராக் அண்ட் ரோல் பிறக்கவில்லை?

லிட்டில் ரிச்சர்டையே எடுத்துக்கொள்வோம். 1951இல் ஆர்சிஏ விக்டர் என்ற பெரிய நிறுவனத்துக்காகப் பாடினார். 1953இல் ஹூஸ்டனில் பீகாக் நிறுவனத்துக்காகப் பாடினார். தொண்டை அதே தொண்டைதான். நாடு திரும்பிப் பார்க்கவில்லை. 1955 செப்டம்பரில் ஸ்பெஷாலிட்டி நிறுவனம் அவரை நியூ ஆர்லியன்ஸில் கோசிமோ மட்டாசா நடத்திய ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அனுப்பியது. கூடம் என்றதும் பெரிய மாளிகையை நினைத்துக்கொள்ள வேண்டாம். ராம்பார்ட் தெரு மூலையில் இருந்த ஒரு கடையின் சிறிய பின்னறை அது. ரிச்சர்டோடு ஊர் ஊராகச் சுற்றிய குழுவை நிறுவனம் அங்கே வாசிக்க விடவில்லை. அந்த ஊர்ப் பாடகர் ஃபேட்ஸ் டாமினோவின் இசைத்தட்டுகளில் வாசித்து வந்த உள்ளூர்க் கலைஞர்களே வேண்டும் என்று அமர்த்தியது. லீ ஆலனும் ஆல்வின் டைலரும் சாக்ஸபோன், ஃபிராங்க் ஃபீல்ட்ஸ் பாஸ் என்ற கனத்த ஒலித் தந்திக்கருவி, எர்ல் பால்மர் டிரம்ஸ். காசு போட்டவருக்கு ஓசை எங்கே இருக்கிறது என்பது தெரிந்திருந்தது. எதிரணிக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

அந்தப் பதிவு முதலில் சப்பென்றுதான் போனது என்பதையும், இடைவேளையில் ட்யூ டிராப் இன் என்ற விடுதியில் ரிச்சர்ட் பியானோவைத் தட்டி ஒரு பச்சையான பாட்டைப் பாடிய பிறகே சூடு பிடித்தது என்பதையும் எதிரணி சொல்லும். டோரதி லபோஸ்ட்ரி சொற்களைத் திருத்திக் கொடுக்க, கடைசி நேரத்தில் பதிவானதுதான் ‘டூட்டி ஃப்ரூட்டி’ என்றும் சொல்லும். எல்லாம் உண்மை. ஆனால் கூடத்துக்குத் திரும்பியதும் அந்த வெறி எதன் மேல் ஏறி நின்றது என்பதைச் சற்றே காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

அதுவரை ரிதம் அண்ட் புளூஸில், அதாவது அமெரிக்கக் கறுப்பினத்தவரின் துள்ளலிசையில், பெரிதும் பழகியிருந்த நடை ஷஃபிள். தாளத்தின் ஒவ்வோர் எண்ணிக்கையையும் இரண்டாகப் பிளந்தால், முதற்பாதி நீண்டும் மறுபாதி குறுகியும் வரும். நொண்டியடித்து ஓடுவதுபோல் துள்ளும். ரிச்சர்டின் வலக்கையோ பியானோவில் அந்த இரு பாதிகளையும் சம அளவாக, இடைவிடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஜாஸில் ஊறிய பால்மர் ஷஃபிளிலேயே நின்றிருந்தால் அந்தக் கையோடு மோதிக்கொண்டே இருந்திருப்பார். அடுத்தடுத்த பதிவுகளில் தம் அடியை அவர் சமமாக்கினார். அந்த வலக்கைக்கு ஈடுகொடுக்கத்தான் அப்படிச் செய்ததாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். உடனே எதிரணி, ‘பார்த்தீர்களா, மூலம் ரிச்சர்ட்தான்’ என்று துள்ளக்கூடும். பியானோக்காரர் ஒருவரின் கைப்பழக்கம் ஒரு குழுவின் தாளமாகி, பின்னர் உலகமே ஆடிய தாளமானதே, அந்த வேலையைச் செய்தது யார்? மேலும், இங்கே ரிச்சர்ட் செய்ததும் வாசித்ததுதான். அந்த வலக்கையையும் எங்கள் அணிக்கே எழுதிக்கொள்ளுங்கள்.

இதே அறையில் 1949இல் ஃபேட்ஸ் டாமினோ தம் முதல் பாடலைப் பதித்தபோதும் டிரம்ஸில் பால்மர். 1952இல் லாயிட் பிரைஸ் என்ற இளைஞர் தம் முதல் பாடலிலேயே ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலின் உச்சிக்குப் போனபோதும் அதே பால்மர். பாடகர் மாறிக்கொண்டே இருந்தார், அவையோரே.

இனி மெம்ஃபிஸுக்கு வருவோம். எல்விஸ் 1953இல் சாம் ஃபிலிப்ஸின் கூடத்துக்குச் சென்று, சுமார் 4 டாலர் சொந்தக் காசைக் கொடுத்து, ஒரு கிட்டாரோடு தனியாகப் பாடிப் பதித்தார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் மறுபடியும் அப்படியே. உருகும் காதல் பாட்டுகள், ஒன்றும் நடக்கவில்லை. 1954 ஜூலை 5 இரவு ஸ்காட்டி மூரின் மின்கிட்டாரும் பில் பிளாக்கின் பாஸும் உடன் இருந்தன, டிரம்ஸ் கிடையாது. முதலில் பாடிய மெதுவான பாட்டுகள் எடுபடாமல் ஓய்ந்திருந்த வேளையில், எல்விஸ் ஆர்தர் க்ரூடப்பின் பழைய புளூஸ் பாடல் ஒன்றை விளையாட்டாகத் தொடங்கினார். தொடங்கியவர் அவர்தான், மறுக்கவில்லை. பிளாக் பாஸின் தந்தியைச் சுண்டி இழுத்துவிட்டுப் பலகையில் அறைந்து, இல்லாத டிரம்ஸை அங்கே கொண்டுவந்தார். மூர் குரலின் இடுக்குகளில் நெரிசலில்லாமல் நுழைந்து வெளியே வந்தார். அந்த முதல் தட்டின் லேபிளில் எல்விஸ் பெயருக்குக் கீழே ‘ஸ்காட்டி அண்ட் பில்’ என்று அச்சாகியிருக்கிறது. இது என் வாதமில்லை, நடுவர் அவர்களே. சாம் ஃபிலிப்ஸின் சன் நிறுவனமே அச்சிட்டுத் தந்த சாட்சி. 1955 நவம்பரில் ஆர்சிஏ 35,000 டாலர் கொடுத்து ஒப்பந்தத்தை வாங்கியது எல்விஸுக்கு மட்டும். 1957 செப்டம்பரில் மூரும் பிளாக்கும் கூலி போதாமல் விலகினார்கள். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது மெம்ஃபிஸுக்கும் பொருந்துகிறது.

பில் ஹேலியின் ‘ராக் அரவுண்ட் த கிளாக்’ பாடலைக் கேட்டவர் யாரும் அதன் நடுவில் மின்னல்போல் இறங்கும் கிட்டார் தனியை மறந்திருக்க முடியாது. அதை வாசித்த டேனி செட்ரோன், 1952இல் ஹேலியின் வேறொரு பாடலுக்கு வாசித்ததையே 1954 ஏப்ரல் 12 அன்று நியூயார்க்கில் மறுபடி வாசித்தார். கூலி 21 டாலர். அந்த ஜூன் மாதமே மாடிப்படியில் தவறி விழுந்து இறந்துபோனார். பாடல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது 1955 ஜூலையில்.

சக் பெர்ரியை எதிரணி தன் கடைசி அம்பாக வைத்திருக்கும். பாட்டும் அவர், வரியும் அவர், கிட்டாரும் அவர் என்பார்கள். அவருடைய வரிகளுக்கு ஈடான வரிகளை அக்காலத்தில் வேறெவரும் எழுதவில்லை என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் செயின்ட் லூயிஸில் 1952இன் கடைசி இரவில், ஆள் குறைந்துபோன தம் மூவர் குழுவுக்கு மாற்றாளாகப் பெர்ரியைக் கூப்பிட்டவர் பியானோக் கலைஞர் ஜானி ஜான்சன். குழு அவருடையது, வந்து சேர்ந்தவர் பெர்ரி. 1955இல் சிகாகோவின் செஸ் நிறுவனத்தில் ‘மேபெலீன்’ பதிவானபோதும் பியானோவில் ஜான்சனே இருந்தார். பல பாடல்களை இருவரும் சேர்ந்தே உருவாக்கினோம், தமக்கும் பங்கு உண்டு என்று அவர் 2000இல் வழக்குத் தொடுத்தார். 2002இல் வழக்குத் தள்ளுபடியானது. காரணம், காலம் கடந்துவிட்டது என்பது. அந்தப் பாடல்களில் அவர் கை இருந்ததா இல்லையா என்று நீதிமன்றம் தீர்த்துச் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை எங்கள் அணி இந்த மன்றத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. இங்கே காலக்கெடு ஏதும் கிடையாது என்று நம்பி அமர்கிறேன், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.