விசில் இல்லாத ஆட்டம்

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

முப்பத்தோரு ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். பெரியநாயக்கன்பாளையம் மாருதி உடற்கல்விக் கல்லூரியில் படித்தேன். கோபிசெட்டிபாளையம் வட்டாரத்துப் பள்ளிகளில் கூடைப்பந்தும் கபடியும் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றேன். என்னை அழைத்த நிகழ்ச்சிப் பொறுப்பாளர், கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி எவ்வளவு அவசியம் என்பதைப் பற்றிப் பேசுங்கள் என்றார். அதைப் பேசும் தகுதியை நான் போன மாதம்தான் இழந்தேன். பத்து நாட்கள், ஒரு நாள் தவறாமல், சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து வீடியோ கேம் ஆடியிருக்கிறேன். ஆகவே அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அவரும் பெருந்தன்மையாகச் சரி என்றார்.

திருப்பூரிலிருந்து மகள் வயிற்றுப் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். ஆறாம் வகுப்பு. துணிப் பையோடு இன்னொரு பையும் கொண்டுவந்தான். அதில் மாப்பிள்ளை கல்லூரிக் காலத்தில் வாங்கிய பழைய பிளேஸ்டேஷன் 3 வீடியோ கேம் பெட்டியும் இரண்டு ஆட்டத் தட்டுகளும் இருந்தன. ஒன்று ‘என்பிஏ ஜாம்’. 1993-இல் அமெரிக்காவில் மிட்வே நிறுவனம் காசு போட்டு ஆடும் இயந்திரமாக வெளியிட்ட கூடைப்பந்து ஆட்டத்தின் 2010-ஆம் ஆண்டுப் புதுப்பதிப்பு. மற்றொன்று 2011-இல் வந்த ‘டபிள்யூடபிள்யூஇ ஆல் ஸ்டார்ஸ்’ என்ற மல்யுத்த ஆட்டம். கூடைப்பந்து என்று கேட்டதும் நானாகவேதான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பழியை அவன் மேல் போட முடியாது.

திரையில் முதலில் கண்ணில் பட்டது தலைகள். ஆட்டக்காரர்களின் உடம்பு வரைந்தது, தலை மட்டும் நிஜமான புகைப்படம், அதுவும் உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை. பொருட்காட்சியில் அட்டையில் வரைந்த உடம்புக்கு மேல் ஓட்டை வழியாக முகத்தை நீட்டிப் படம் எடுத்துக்கொள்வோமே, அந்த மாதிரி. அணிக்கு ஐந்து பேர் இல்லை, இரண்டே பேர். சரி, சின்ன மைதானம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பந்து என் கைக்கு வந்தது. இரண்டு அடி எடுத்து வைத்திருப்பேன், பேரனின் ஆள் ஓடிவந்து என் ஆளை இரண்டு கையாலும் நெஞ்சில் தள்ளினான். என் ஆள் மல்லாந்து விழுந்தான். பந்தை எடுத்துக்கொண்டு அவன் போய்விட்டான். நான் திரையைப் பார்த்தபடியே இருந்தேன். விசில் வரும் என்று காத்திருந்தேன், நேயர்களே. வரவில்லை.

“கண்ணு, இது ஃபவுல் அல்லவா?” என்றேன்.

“இதில் ஃபவுல் கிடையாது அப்புச்சி. நீங்களும் தள்ளுங்கள்” என்றான்.

என் நிலையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் கூடைப்பந்தை உண்டாக்கியதே, பனிக்காலத்தில் கட்டடத்துக்குள் அடைந்து கிடந்த முரட்டு மாணவர்கள் ஒருவரையொருவர் இடித்துத் தள்ளாமல் ஆட ஒரு விளையாட்டு வேண்டும் என்பதற்காகத்தான். பதின்மூன்று விதிகள் எழுதினார். தோளால் இடிப்பது, பிடிப்பது, தள்ளுவது, காலை வாரிவிடுவது, அடிப்பது எதுவும் கூடாது என்பது ஐந்தாவது விதி. தேர்வுக்காக மனப்பாடம் செய்தவன் நான். அந்த ஐந்தாவது விதியில் கூடாது என்று சொன்னதையெல்லாம் திரட்டி எடுத்துத்தான் இந்த ஆட்டத்தைச் செய்திருக்கிறார்கள் என்று முதல் ஐந்து நிமிடத்தில் எனக்குத் தோன்றியது.

ஆனால் விதியே இல்லை என்று நினைத்தது என் தவறு. வளையத்தை நோக்கி இறங்கும் பந்தைத் தட்டினால் எதிரணிக்குப் புள்ளி கொடுத்துவிடுகிறார்கள். குறித்த நொடிக்குள் பந்தைப் போடாவிட்டால் பந்து பறிபோகிறது. ஆளைத் தள்ளலாம், பந்தை ஏமாற்றக் கூடாது. இது ஒரு விசித்திரமான நீதி. இரண்டாம் நாள் அது எனக்குப் பிடித்துப்போனது.

ஒரே ஆள், இடையில் எதிரணி புள்ளி எடுப்பதற்குள், தொடர்ந்து மூன்று முறை பந்தைப் போட்டுவிட்டால் அவனுக்குத் ‘தீப்பிடித்துவிடும்’. சும்மா பேச்சுக்கு அல்ல. பந்து நிஜமாகவே எரிந்துகொண்டு போகிறது, வலை எரிகிறது. அதன்பின் அவன் எங்கிருந்து எறிந்தாலும் பெரும்பாலும் விழும். எதிரணி ஒரு பந்தைப் போட்டால் அணைந்துவிடும். இதைப் பார்த்ததும் எனக்கு நெய்ஸ்மித்தின் ஏழாவது விதி ஞாபகம் வந்தது. இன்று நடைமுறையில் இல்லாத விதி அது: ஓர் அணி, இடையில் எதிரணி தவறு செய்யாத நிலையில், தொடர்ந்து மூன்று தவறு செய்தால் எதிரணிக்கு ஒரு கோல். அதே மூன்று, அதே ‘இடையில் மற்றவன் செய்யாமல்’. நூற்றிரண்டு வருடம் கழித்து வந்தவர்கள் தவறுக்குப் பதிலாகத் தீயை வைத்துவிட்டார்கள். இதைப் பேரனிடம் மிக உற்சாகமாக விளக்கினேன். அதற்குள் அவன் ஆறு புள்ளி எடுத்துவிட்டான்.

தாவுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். வளையத்தின் உயரம் 3.05 மீட்டர், அதாவது பத்து அடி. நான் பயிற்சி கொடுத்த பிள்ளைகளில் வளையத்தின் இரும்பை விரல் நுனியால் தொட்டவர்களை இன்றைக்கும் பெயர் சொல்லி எண்ணிவிடுவேன். இந்த ஆட்டத்திலோ, மைதானத்தின் நடுவிலிருந்து கிளம்புகிறான், வளையத்துக்கு மேலே இன்னொரு வளைய உயரம் எழும்புகிறான், காற்றில் இரண்டு மூன்று கரணம் போடுகிறான், பந்தை வளையத்துக்குள் அறைந்துவிட்டு இறங்குகிறான். டிம் கிட்ஸ்ரோ என்பவரின் குரலில் வர்ணனை. பொருளே இல்லாத ‘பூம்ஷகலகா’ என்ற சொல்லை அவர் கத்துகிறார். நம் பக்கத்து ஊர்களில் இரவு நேரக் கபடிப் போட்டி கேட்டவர்களுக்கு இது புதிதாக இராது. டியூப் லைட் வெளிச்சத்தில், பாடிப் போனவன் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் மைக்காரர் எழுப்பும் சத்தத்துக்கு எந்த அகராதியில் பொருள் இருக்கிறது?

ஒரு விஷயம் தெரிந்தபோது மட்டும் எனக்குக் கோபம் வந்தது. 1993-ஆம் ஆண்டு மூல ஆட்டத்தை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர் மார்க் டர்மெல். டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியின் ரசிகர். சிகாகோ புல்ஸ் அணியைப் பிடிக்காது. அதனால் இந்த இரண்டு அணிகளும் மோதும்போது, கடைசி நொடிகளில் புல்ஸ் எறியும் பந்து தவறிப்போகும்படி நிரலிலேயே எழுதிவைத்துவிட்டார். அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். கோவையில் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டிகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். நடுவரின் விரல் ஒரு பக்கம் சாய்ந்தால் கூட்டம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். இங்கே நடுவரே இல்லை, சாய்ந்தது மைதானம். காசு போட்டு ஆடிய எத்தனை சிகாகோப் பையன்கள் தங்கள் கையைத் தாங்களே நொந்துகொண்டிருப்பார்களோ!

பின்தங்குகிறவனுக்குக் கணினி கொஞ்சம் கைகொடுக்கும் ஏற்பாடும் இந்த ஆட்டத்தில் உண்டு. அதை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் வகுப்பில் அணி பிரிக்கும்போது அதைத்தான் செய்தேன். யாருக்கும் சொன்னதில்லை.

இனி மல்யுத்தம். இதில் எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. தொண்ணூறுகளில் மாணவர்களிடமிருந்து நான் பிடுங்கிய டிரம்ப் கார்டுகள் ஒரு இழுப்பறை நிறைய இருந்தன. உயரம், எடை, மார்பளவு என்று பின்னால் அச்சடித்த மல்யுத்தக்காரர்களின் படங்கள். திருப்பிக் கேட்டு வந்தவனிடம் ‘உன் மார்பளவு என்ன, சொல், தருகிறேன்’ என்பேன். அந்த இழுப்பறையிலிருந்த அண்டர்டேக்கர், ஹல்க் ஹோகன், ஆண்ட்ரே த ஜயண்ட் எல்லாரும் இப்போது என் வீட்டுத் தொலைக்காட்சியில் வந்து நின்றார்கள். அப்போதே ஆஜானுபாகுவாக இருந்தவர்கள். இதில் அவர்களின் தோளையும் புஜத்தையும் இன்னும் ஊதிப் பெருக்கியிருக்கிறார்கள். தேர்க்கால் மேல் சட்டை போட்டதுபோல் இருக்கிறது. ஏழடி நான்கு அங்குலம் என்று விளம்பரம் செய்யப்பட்ட ஆண்ட்ரேயை நான் எடுத்துக்கொண்டேன். பேரன், முகமூடி போட்ட குள்ளர் ரே மிஸ்டீரியோவை எடுத்தான்.

தோற்றேன். எப்படித் தோற்றேன் என்பதைச் சொல்ல நேரம் போதாது. கொங்குநாட்டுப் பிள்ளை என்பதால், ஒவ்வொரு முறையும் “அப்புச்சி, எறிகிறேனுங்க” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டேதான் என்னை எறிந்தான். கடைசி அடிக்கு ஒருவன் மற்றவனைத் தூக்கிக்கொண்டு வானத்துக்குப் போகிறான். கீழே அரங்கம் சிறுத்துத் தெரிகிறது. அங்கிருந்து இறங்கி அறையும்போது தரை அலை அலையாய் அதிர்கிறது. என் மனைவி அரிசிம்பருப்பு ஆறிப்போகிறது என்று மூன்றாம் முறை கூப்பிட வந்தவள், திரையைப் பார்த்து, “இவனுக்கு முதுகெலும்பு இருக்கிறதா இல்லையா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

எனக்கு அந்த இடத்தில் உடுக்கைச் சத்தம் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் எங்கள் ஊரில் அண்ணமார் கதையை இரவு இரவாக உடுக்கடித்துப் பாடுவார்கள். கொம்பன் என்ற காட்டுப்பன்றி வரும் இரவில் பெரியவர்களே பாயில் நிமிர்ந்து உட்காருவார்கள். பாடுகிறவர் சொல்லச் சொல்லப் பன்றி வளர்ந்துகொண்டே போகும். பன்றி மலையாக வளர்ந்தாலும் உடுக்கையின் அடி ஒன்றுகூடப் பிசகாது. பிசகினால் பன்றியும், அதை எதிர்க்கும் அண்ணமாரில் ஒருவரான சங்கரும் அங்கேயே செத்துப்போவார்கள், கூட்டம் எழுந்து போய்விடும். இந்த மல்யுத்த ஆட்டமும் அப்படித்தான். எதிரி அடிக்கும்போது அதைத் தடுத்துத் திருப்பியடிக்க ஒரு பட்டன், பிடிக்கும்போது திருப்ப வேறு பட்டன். கண் இமைப்பதற்குள் அழுத்த வேண்டும். நான் திருப்பியதை அவன் திருப்பலாம், அவன் திருப்பியதை நான் மறுபடி திருப்பலாம். நாலைந்து முறை அப்படிப் போனால் இருவருமே மூச்சை அடக்கிக்கொண்டிருப்போம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு வானத்தில் பறக்கிற கூத்துதான் தெரியும். கையில் பிடித்திருக்கிறவனுக்குத் தாளம் மட்டும்தான் தெரியும்.

இன்னொன்று. தொலைக்காட்சியில் வரும் அந்த மல்யுத்தத்தில் யார் வெல்வார் என்பது முன்கூட்டியே முடிவானது. 1989-இல் நியூஜெர்சி மாநிலச் செனட்டிடம் அதை நடத்தும் நிறுவனமே, இது போட்டியல்ல, கேளிக்கை என்று சொல்லிவிட்டது. ஆனால் என் வீட்டு சோபாவில் நடந்த மல்யுத்தத்தில் முடிவு யாருக்கும் தெரியாது. சரி, எனக்குத் தெரியும், தோற்கப்போவது நான். ஆனாலும் அது எழுதிவைத்தது அல்ல. நிஜப் போட்டியான கூடைப்பந்தோ இந்தப் பெட்டிக்குள் போனதும் கூத்தாகிவிட்டது. இரண்டும் ஒன்றின் சட்டையை மற்றொன்று மாட்டிக்கொண்டதைப் போல.

எனக்குப் பிடிக்காததும் உண்டு. யாருக்கும் களைப்பு நிலைப்பதில்லை. இரும்பு நாற்காலியால் தலையில் அடி வாங்கியவன் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு ஓடுகிறான். நாலாம் நாள் பேரனும் பக்கத்து வீட்டுப் பையனும் வைக்கோல் போர் மேல் ஏறி நின்று, ஒருவன் கழுத்தை ஒருவன் கையிடுக்கில் பிடித்துக் குதிக்கத் தயாராக இருந்ததைப் பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகு அவ்வளவு பலமாக நான் விசில் ஊதியதில்லை. பிறகு அதே வைக்கோலைப் பரப்பி, கழுத்தை மடக்கித் தோளில் உருளுவது எப்படி என்று இருவருக்கும் ஒரு மணி நேரம் கற்றுக்கொடுத்தேன். அதற்கு வந்த சலிப்பு முகங்களை வானொலியில் காட்ட முடியாது.

ஊருக்குக் கிளம்பும் முன் தினம் காலையில், பழைய பந்துக்குக் காற்றடித்து, அவனைப் பள்ளி மைதானத்துக்கு அழைத்துப் போனேன். வளையத்தில் துரு ஏறியிருந்தது, வலை என்றைக்கோ போய்விட்டது. முதல் பத்து எறிகளில் ஒன்றுகூட வளையத்தைத் தொடவில்லை. பந்து இவ்வளவு கனமாக இருக்கும் என்று நினைக்கவில்லை என்றான். முழங்காலை மடக்கச் சொன்னேன். அரை மணி நேரத்தில் ஒன்று விழுந்தது, உடனே இன்னொன்று, பலகையில் பட்டு மூன்றாவதும். பையன் அண்ணாந்து வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பந்தை நான் எடுத்து எறியப் போனேன். இரண்டு கையாலும் என் விலாவில் ஒரு தள்ளு. பந்து எங்கோ போனது. கழுத்தில் தொங்கிய விசில் தன்னால் வாய்க்கு வந்துவிட்டது, ஊதினேன்.

“அப்புச்சி, தீப்பிடித்தவனுக்கு ஃபவுல் கிடையாது!”

எறியும் நிலையில் இருந்தவனைத் தள்ளினால் இரண்டு ஃப்ரீ த்ரோ என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கோட்டில் போய் நின்றேன். இரண்டையும் தவறவிட்டேன்.

வணக்கம்.