கடையில் முயல் வாடுகிறதா? ஓனரிடம் சொல்லும் முறை

[திரையில்: கம்பிக் கூண்டின் மூலையில் ஒடுங்கிய முயல்]

பெட் ஷாப்பில் முயலையும் கினி பிக்கையும் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. ஏதோ சரியில்லை என்று படுகிறது. "பாவமா இருக்கு" என்றால், "அதெல்லாம் அப்படித்தான்" என்று பேச்சு முடிந்துவிடும். தராசு காட்டும் எண்ணை அப்படித் தள்ள முடியாது. அதனால் முதலில் ஒரு நோட்டு, ஒரு சமையலறைத் தராசு, ஒரு தெர்மாமீட்டர்.

கினி பிக்கைத் தினமும் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். கடைக்கு வருபவை பெரும்பாலும் குட்டிகள். எடை ஏற வேண்டிய வயது. இரண்டு நாள் தொடர்ந்து இறங்கினால் கோளாறு. மனிதரைப் போலவே அதன் உடலுக்கும் வைட்டமின் சி தயாரிக்கத் தெரியாது. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். மாதக்கணக்கில் திறந்து கிடக்கும் தீவன மூட்டையில் அந்தச் சத்து பெரும்பாலும் போயிருக்கும். பின்னங்கால் விறைப்பது, தூக்கினால் கத்துவது வைட்டமின் சி குறைவின் அடையாளம். தினம் ஒரு குடைமிளகாய்த் துண்டு பெரிய வித்தியாசம் செய்யும்.

[திரையில்: முயலின் பின்னங்கால் அடிப்பாகம், அருகில்]

முயலைத் தூக்கிக் குதிகாலைப் பாருங்கள். முடி உதிர்ந்து தோல் சிவந்திருந்தால், கம்பித் தரை அறுக்கிறது. பாதிக் கூண்டுக்காவது பலகை போட வேண்டும். வெப்பத்தை ஏசிக்குக் கீழே, கல்லா அருகில் அளக்காதீர்கள்; மேல் அடுக்குக் கூண்டின் உயரத்தில், பிற்பகல் மூன்று மணிக்கு அளந்து பாருங்கள். முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூடு வெளியேறும். 30 டிகிரியைத் தாண்டினாலே ஆபத்து. ஷட்டரை இழுத்து மின்விசிறியை அணைத்துவிட்டுப் போகும் ஞாயிற்றுக்கிழமைதான் பல முயல்களுக்குக் கடைசி நாள்.

முயலையும் கினி பிக்கையும் ஒரே கூண்டில் விட்டிருந்தால் அதையும் குறியுங்கள். முயலிடம் நோயே தெரியாது. அதன் மூக்கிலிருக்கும் பாக்டீரியா கினி பிக்குக்கு நிமோனியா தரும்.

இனி பேச்சு. வாடிக்கையாளர் முன்னால் வேண்டாம். கடை திறக்கும் நேரம் நல்லது.

"அண்ணே, நாலாம் கூண்டு கினி பிக் மூணு நாள்ல 40 கிராம் இறங்கியிருக்கு. பின்னங்காலை இழுக்குது. இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டிடலாமா?"

கூண்டு எண், அளவு, கேட்பது என்ன: மூன்றும் அதில் இருக்கின்றன. நாலு குறையை ஒன்றாகக் கொட்டினால் ஒன்றும் நடக்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்கக் கூடாது. முயல் 12 மணி நேரம் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் குடல் நின்றுவிட்டது என்று பொருள். உடனே மருத்துவர்.

வாய்ப்பேச்சு பலிக்காவிட்டால் தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். நகல் உங்களிடம் இருக்கட்டும். அதற்கும் அசையவில்லையென்றால் சட்டம் இருக்கிறது. 2018-ம் ஆண்டு பெட் ஷாப் விதிகள் முயல், கினி பிக், ஹாம்ஸ்டர் எல்லாவற்றுக்கும் பொருந்தும். மாநில விலங்கு நல வாரியத்தில் பதியாமல் கடை நடத்த முடியாது. அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ம் பிரிவில் குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் 50 ரூபாயைத் தாண்டாது என்பது வேதனை. ஆனால் கடைப் பதிவுக்கு ஆபத்து என்பது ஓனருக்கு உறைக்கும். புகாரை அந்த வாரியத்துக்கே அனுப்புங்கள்.

வீடியோ எடுத்து முதலில் இணையத்தில் போட்டுவிடாதீர்கள். ஆய்வுக்கு ஆள் வருவதற்குள் கூண்டு காலியாகிவிடும். நோயுற்றதைச் சொல்லாமல் வீட்டுக்குத் தூக்கிப் போவதும் வேண்டாம். திருட்டு வழக்காகும், மற்ற கூண்டுகளைப் பற்றிப் பேச உங்களுக்கு வாயிருக்காது.

[திரையில்: நோட்டின் பக்கம்: தேதி, கூண்டு எண், எடை, வெப்பம், புழுக்கை]