ஈறு நோயும் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஈறில் ரத்தம் கசிகிறது என்று என்னிடம் வருகிறவர்களில் பலர், நாற்காலியில் சாய்வதற்குள் கேட்டுவிடுவார்கள்: "க்ளீனிங் இல்லாமல், மாத்திரையிலேயே சரி செய்ய முடியாதா டாக்டர்?" இப்போதெல்லாம் ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் முடியாது.

பல்லில் படியும் கிருமிப் படலம், எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து சில நாட்களிலேயே காரையாக இறுகத் தொடங்கும். அது ஈறுக்கு அடியில் இறங்கினால் நம் வெள்ளை அணுக்கள் அங்கே திரண்டு வரும். கிருமியைக் கொல்ல அவை சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவற்றைச் சுரக்கின்றன. நாலு நாள் சண்டை என்றால் பரவாயில்லை. மாதக்கணக்கில் நீடித்தால் கிருமிக்கு வைத்த நெருப்பு நம் ஈறையும், பல்லைத் தாங்கும் எலும்பையும் சேர்த்தே அரிக்கிறது. ஆன்டிஆக்ஸிடன்ட்டின் வேலை இந்த நெருப்பைத் தணிப்பது. காரை அங்கேயே இருந்தால் நெருப்பு மறுபடி மூளும். அதைக் கருவியால்தான் சுரண்டி எடுக்க வேண்டும். எந்த மாத்திரையும் கரைக்காது.

சரி, சுத்தம் செய்த பிறகு கூடவே கொடுத்தால்? வைட்டமின் சி, தக்காளியின் சிவப்பு நிறமியான லைக்கோபீன், கிரீன் டீயின் சாரம், தூக்க ஹார்மோனான மெலடோனின் என்று பலவற்றைச் சோதித்திருக்கிறார்கள். சிலதை மாத்திரையாக, சிலதை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் உள்ள பைக்குள் வைக்கும் ஜெல்லாக. சுத்தம் மட்டும் செய்துகொண்டவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் பலன் சில ஆய்வுகளில் தெரிந்தது. ஆனால் பெரும்பாலானவை சில பத்துப் பேரைச் சில மாதங்கள் மட்டுமே பார்த்த ஆய்வுகள். அதனால் நான் எல்லோருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. வைட்டமின் சி குறைவாக இருப்பவர் விஷயம் வேறு. ஈறுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் உருவாக அது வேண்டும். அது அறவே குறைந்தால் வரும் ஸ்கர்வி நோயில் ஈறு வீங்கி ரத்தம் கசியும்.

வைட்டமின்தானே, என்ன ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியது. ரத்தத்தை நீர்க்க வைக்கும் மருந்து எடுப்பவர்கள் வைட்டமின் ஈயை டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

புகைபிடிப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். புகை ஈறின் ரத்தக் கசிவை மறைத்துவிடும். கசியவில்லை, அதனால் நோய் இல்லை என்று இருந்துவிடாதீர்கள். புகையை விடுவதும், சர்க்கரை நோய் இருந்தால் அதைக் கட்டுக்குள் வைப்பதும் ஈறுக்குச் செய்கிற பெரிய உதவிகள்.

அப்புறம், சுத்தம் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும் என்ற பயம். காரை அடைத்திருந்த இடம் வெளியே தெரிகிறது, வீங்கிய ஈறு வற்றுகிறது, அதைத்தான் இடைவெளி என்கிறோம். பல்லின் பிடியைத் தளர்த்தியது நோய்.

அடுத்த முறை பல் டாக்டரிடம் போகும்போது பையின் ஆழம் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டுக் குறித்து வையுங்கள். 3 வரை பொதுவாகக் கவலையில்லை. அதற்கு மேல் என்றால் சுத்தம் செய்துகொண்டு, மூன்று மாதம் கழித்துத் திரும்ப அளக்கச் சொல்லுங்கள். கூடுதலாக மருந்து வேண்டுமா என்பதை அந்த அளவைப் பார்த்து அவரோடு பேசலாம். வணக்கம்.