வயசாக ஆக அழகு தெரியுமா, மங்குமா?

வணக்கம். இன்றைக்கு நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். வயதாக ஆக அழகைப் பார்க்கும் திறன் நமக்குக் குறைகிறதா, கூடுகிறதா? குறைகிறது என்று சொல்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், அதை விட்டுவிட்டு வயசெல்லாம் மனசில்தான் என்று பேச எனக்கு விருப்பமில்லை.

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வருடம் போகப் போக மஞ்சளாகிறது, இறுகுகிறது. நாற்பதைத் தாண்டியவர்கள் புத்தகத்தைக் கையை நீட்டித் தள்ளிப் பிடிப்பது அதனால்தான். வெளிச்சம் உள்ளே போகும் துளையான கண்ணின் பாவையும் சுருங்கிவிடும். எல்லாம் சேர்ந்து, 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் 20 வயதில் போனதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மஞ்சளான லென்ஸ் நீலத்தைத் தடுப்பதால் கருநீலத் துணியா கறுப்புத் துணியா என்பதே குழப்பமாகும். ஆனால் இது மெதுவாக நடக்கிறது, மூளையும் கூடவே சரிக்கட்டிக்கொண்டு வருகிறது, அதனால் எதையோ இழந்துவிட்டோம் என்றே நமக்குத் தோன்றாது. கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள், வானம் இவ்வளவு நீலமா என்று அசந்துபோனதைப் பலர் சொல்வார்கள்.

ஓவியர் கிளாட் மோனேவுக்கு 1912-இல் கண்புரை என்று தெரிந்தது. அவர் தன் தோட்டத்துக் குளத்தையும் பாலத்தையும் வரைவதை நிறுத்தவில்லை. அந்த வருடங்களில் வரைந்த பாலத்தின் படங்கள் சிலவற்றில் செம்பழுப்பும் மஞ்சளும் அப்பிக் கிடக்கும், பாலம் எங்கே என்று நாம்தான் தேட வேண்டும். 1923-இல், 82 வயதில், வலது கண்ணில் ஆபரேஷன். அதற்கப்புறம் நீலம் அளவுக்கு மீறித் தெரிகிறது என்று குறைப்பட்டு, வண்ணக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். 1926-இல் இறந்தார். கண் இத்தனை விதமாக ஏமாற்றியும் அந்தத் தண்ணீர் அவருக்கு அலுக்கவே இல்லை, எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஏனென்றால் இளவயதில் நமக்குக் கண் நன்றாக இருக்கிறது, பார்வைதான் நிற்பதில்லை. அழகான எதைப் பார்த்தாலும் இது எனக்கு வேண்டும், இல்லையென்றால் எனக்கு இது இல்லையே, இந்த இரண்டில் ஒன்று உடனே குறுக்கே வந்துவிடும். அழகான முகம் என்றால் நம் முகத்தோடு ஒப்பிடுவோம், அழகான வீடு என்றால் கணக்குப் போடுவோம். வயது இந்தப் பிடியைத் தளர்த்துகிறது என்று நான் நம்புகிறேன். அமித் பட்டாச்சார்ஜி, கேஸி மொகில்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. அபூர்வமான அனுபவங்கள் இளைஞர்களுக்கு அதிக மகிழ்ச்சி தருகின்றன, வயதாக ஆக, சாதாரண நாளின் சாதாரண விஷயங்கள் தரும் மகிழ்ச்சியும் கூடிக்கொண்டே போகிறது. மீதிக் காலம் கொஞ்சம்தான் என்ற உணர்வோடு அவர்கள் இதைச் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

முதியவர் ஒருவரின் கையை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். தோல் மெலிந்து நரம்புகள் பச்சையாக மேலே வந்திருக்கும், நகத்தில் நீளவாக்கில் மெல்லிய வரிகள் ஓடும், புறங்கையைக் கிள்ளி விட்டால் அந்த மடிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாகும். இருபது வயதில் இதைப் பார்த்திருந்தால் பாவம் என்று நினைத்து முகத்தைத் திருப்பியிருப்பேன். இப்போது அந்தக் கையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை, அது எதையெல்லாம் தூக்கியது, யாரையெல்லாம் பிடித்துக்கொண்டது என்று யோசனை ஓடுகிறது.

சரி, வயதானால் இது தானாக வந்துவிடுமா? வராது. வலியும் தனிமையும் இருந்தால் ஜன்னலைக்கூடத் திரும்பிப் பார்க்கத் தோன்றாது, அதற்கு அவர்களைக் குறை சொல்வது அநியாயம். கண்புரையை வயசுக் கோளாறு என்று விட்டுவைப்பதும் அப்படித்தான், அது சரிசெய்யக்கூடியது, தயவுசெய்து கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். படிக்கிற இடத்தில் விளக்கைக் கூட்டி வையுங்கள். வெளியே போகும்போது அவர்கள் எதையாவது பார்த்து நின்றால், நேரமாச்சு வாங்க என்று இழுக்காமல் கூடவே நில்லுங்கள். என்ன பார்க்கிறீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கீழே கமெண்ட்டில் எழுதுங்கள், எல்லாவற்றையும் படிப்பேன்.