சீனாவுல ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டல்: எந்தப் பக்கம்னு பாத்துட்டு புக் பண்ணுங்க

[காட்சி: ராத்திரி நேரம், ஹாங்ஜோ கிழக்கு ஸ்டேஷன் வாசல், பெட்டிய இழுத்துட்டுப் போற ஜனங்க]

ராத்திரி 11 மணி தாண்டிருச்சு. ஹாங்ஜோ டோங் ஸ்டேஷன்ல வந்து இறங்குறேன், மறுநாள் காலைல யிவூவுக்கு ரயில், அதனால ஸ்டேஷன் பக்கத்துலயே ஒரு செயின் ஹோட்டல் போட்டிருந்தேன். வெளிய வந்ததும் அதே லோகோ பளிச்னு எரியுது, நேரா உள்ள போய் பாஸ்போர்ட்ட நீட்டினேன். ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு ரெண்டு தடவ தேடிப் பாத்தாங்க, என் பேர் இல்ல. அப்புறம் அவங்க போன்ல என்னமோ டைப் பண்ணி, டிரான்ஸ்லேட் ஆன ஸ்கிரீன திருப்பிக் காட்டுனாங்க. நீங்க புக் பண்ணது ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம்னு இருந்துச்சு.

[காட்சி: ஸ்டேஷன் மேப், கிழக்கு மேற்குன்னு ரெண்டு பக்கமும் கலர் அடிச்சு]

சீனாவுல பெரிய ஸ்டேஷன் எல்லாத்துக்கும் பெரும்பாலும் ரெண்டு முகம் இருக்கும், ரெண்டு பக்கமும் முன்னாடி ஒரு பெரிய திடல். அதத்தான் குவாங்சாங்னு சொல்றாங்க. டோங்னா கிழக்கு, ஷின்னா மேற்கு, நான்னா தெற்கு, பெய்னா வடக்கு. இந்த நாலு வார்த்தைய மட்டும் எழுத்தோட பழகிக்கோங்க, ரொம்ப உதவும். ஹாங்ஜோ டோங்கிறது ஸ்டேஷன் பேரு, அந்த ஸ்டேஷனுக்கே ஒரு டோங் குவாங்சாங், ஒரு ஷி குவாங்சாங். ஹோட்டல் கிளையோட பேர்ல இது ரெண்டும் அடுத்தடுத்து வரும், அவசரத்துல படிச்சா முதல் டோங்க மட்டும் பாத்துட்டு விட்டுருவோம். 2013-ல புதுசா கட்டித் திறந்த ஸ்டேஷன் இது, நடுவுல 30 தண்டவாளம் ஓடுது, அதனால மேப்ல கிட்டக்க தெரியறது கால்ல நடந்தா கிட்டக்க இருக்காது. உள்ளயே கீழ்த்தளம் வழியா அந்தப் பக்கம் போயிரலாம், ஆனா வெளிய வந்துட்டு சுத்தினா பெட்டியோட நல்லா மூச்சு வாங்கும். ஷாங்காய் ஸ்டேஷன்லயும் இதே கததான், அங்க தெற்கு வடக்கு.

அந்தப் பொண்ணு வாசல் வரைக்கும் வந்து, என் போன வாங்கி மேப்ல சரியான வாசலப் போட்டுக் குடுத்தாங்க. அவங்க ஹோட்டல் கஸ்டமர்கூட இல்ல நான், அத இன்னைக்கும் மறக்க முடியல.

[காட்சி: ஹோட்டல் போர்டுகள் வரிசையா]

சரி, இந்த செயின்லாம் யாரு? ஜி சி-ன்னு ஒருத்தர், 1999-ல சிட்ரிப்ங்கிற டிராவல் புக்கிங் கம்பெனிய ஆரம்பிச்ச நாலு பேர்ல ஒருத்தர், 2002-ல ரூஜியாங்கிற ஹோட்டல் செயின், 2005-ல இன்னிக்கு ஹுவாஜூன்னு இருக்கிற கம்பெனின்னு அடுத்தடுத்து ஆரம்பிச்சாரு. ஹுவாஜூக்குள்ளதான் ஹன்டிங்கும் வருது, ஜி ஹோட்டலும் வருது. ஹன்டிங் சிக்கனம், ஜி ஒரு படி மேல, அடூர்னு இன்னொரு கம்பெனி, அது இன்னும் கொஞ்சம் மேல. ரயில் பயணத்துக்கு எனக்கு ஜி மாதிரி நடுத்தரமே போதும்னு தோணுது, சுத்தமா இருக்கும், ஷவர்ல சுடுதண்ணி நல்ல வேகமா வரும், மெத்தை மட்டும் நம்மூர் பஞ்சு மெத்தைய விட கெட்டி.

புக் பண்றப்ப ரூம் பேருக்குப் பக்கத்துல வூ சுவாங்னு போட்டிருந்தா ஜன்னலே கிடையாதுன்னு அர்த்தம். நெய் சுவாங்னா ஜன்னல் இருக்கும், ஆனா வராண்டா பக்கமாவோ கட்டடத்துக்கு உள்பக்கமாவோ திறக்கும். விலை கம்மியா இருக்கறதுக்கு பாதி நேரம் இதுதான் காரணம். ஒரு ராத்திரி தூங்கிட்டு போறவங்களுக்கு பரவால்ல, குழந்தைங்களோட ரெண்டு நாள் தங்கறதுன்னா தயவுசெஞ்சு வேணாம்.

[காட்சி: கவுன்டர்ல பாஸ்போர்ட் ஸ்கேன் பண்றது]

செக் இன் பண்றப்ப பாஸ்போர்ட், விசா பக்கம், நாட்டுக்குள்ள வந்த முத்திரை, மூணையும் ஸ்கேன் பண்ணுவாங்க, பயப்படாதீங்க. வெளிநாட்டுக்காரங்க தங்கினா போலீஸ்ல பதியணும்னு சட்டம், ஹோட்டல்ல தங்கினா அவங்களே பதிஞ்சிருவாங்க, சொந்தக்காரங்க வீட்ல தங்கினாதான் 24 மணி நேரத்துக்குள்ள நீங்க பதியணும். வெளிநாட்டுக்காரங்கன்னு சொல்லி திருப்பி அனுப்பக் கூடாதுன்னு 2024-லயே அரசாங்கம் சொல்லிருச்சு, ஆனா சின்ன கிளைகள்ல அந்த சிஸ்டத்துல எப்படி ஏத்தறதுன்னு தெரியாம ஊழியர்ங்க தடுமாறுவாங்க. அதனால முந்தின நாளே ஆப்ல மெசேஜ் போட்டு, இந்தியா பாஸ்போர்ட், இலங்கை பாஸ்போர்ட், எதுவோ அத சொல்லி கேட்டுருங்க. யாஜின்னு ஒரு டெபாசிட் சில இடத்துல கேப்பாங்க, அலிபேன்னு போன்ல காசு கட்டற ஆப்ல உங்க பேங்க் கார்ட சேத்து வெச்சிருந்தா அதுலயே கட்டிரலாம், கிளம்பறப்ப திரும்ப வந்துரும்.

ரூம்ல கார்ட சொருகினாதான் கரண்ட் வரும், நிறைய இடத்துல லிஃப்ட்லயும் அதே கார்ட காட்டணும். குழாய்த் தண்ணிய அப்படியே குடிக்காதீங்க, கெட்டில் இருக்கும், கொதிக்க வெச்சுக்கோங்க. நம்மூர் மூணு உருண்டை முனை பிளக் அங்க சேராது, அடாப்டர் கொண்டு போங்க. ஷாங்காய்ல 2019 ஜூலைலேருந்து டூத்பிரஷ், சீப்பு, ரேசர்லாம் கேட்டாதான் குடுப்பாங்க. கேட்டா சில ஹோட்டல்ல ஒரு குட்டி ரோபோ லிஃப்ட்ல தானா ஏறி வந்து உங்க ரூமுக்கு போன் அடிக்கும், பசங்க அதுக்காகவே இன்னொரு தண்ணி பாட்டில் கேப்பாங்க!

[காட்சி: காலை சாப்பாட்டு மேசை, மூங்கில் கூடையிலேருந்து ஆவி]

காலை சாப்பாட்டுல சைவக்காரங்க இத நல்லா பாத்துக்கோங்க. கூடைல வெள்ளையா ரெண்டு வகை இருக்கும். மேல வழவழன்னு மொழுக்குன்னு இருந்தா பெரும்பாலும் மான்டோ, உள்ள ஒண்ணும் இல்ல, வெறும் மாவு. உச்சில கொழுக்கட்டை மாதிரி மடிப்பு வெச்சு முறுக்கிருந்தா பாவ்ட்சு, உள்ள பெரும்பாலும் பன்னிக்கறி. கஞ்சி இருக்கும், அவிச்ச முட்டை, சோயா பால் இருக்கும், கஞ்சிக்கு தொட்டுக்க ஊறுகாய் மாதிரி காய்கூட வெச்சிருப்பாங்க.

செக் அவுட் பொதுவா மத்தியானம் 12 மணி. ரயில் சாயங்காலம்னா பெட்டிய ரிசப்ஷன்லயே விட்டுட்டு ஊர சுத்தலாம், பொதுவா அதுக்கு காசு வாங்க மாட்டாங்க. ஸ்டேஷன் வாசல்ல பை ஸ்கேனிங் இருக்கு, ரயில் கிளம்பறதுக்கு சில நிமிஷம் முன்னாடியே கேட்ட மூடிருவாங்க, அதனால ஒரு மணி நேரம் முன்னாடியே போயிருங்க. பேப்பர் டிக்கெட்லாம் இப்ப கிடையாது, உங்க பாஸ்போர்ட்தான் டிக்கெட். அத மட்டும் அந்தப் பெட்டிக்குள்ள வெச்சு பூட்டிட்டு வெளிய போயிராதீங்க.